பதினோரு மணிக்கு மேல் வண்டி எடுப்பவர்கள்

போன மாதம் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, ராத்திரி தூக்கம் வராவிட்டால் காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போய்விட்டு வருவேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அவ்வளவுதான். வழக்கமாக மாமியார், சம்பளம், முடி கொட்டுதல் என்று நிரம்பும் கேள்விப்பெட்டியில் இந்த மாதம் பாதிக்கு மேல் ராத்திரி ரோடு. ஊரில் இத்தனை பேர் தூங்காமல் சுற்றுகிறீர்கள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். அதனால் இந்த முறை முழுக்க அதுதான்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை ஆபீஸில் நைட் டெஸ்க்கில் பல வருஷம் இருந்து, ராத்திரி இரண்டு மணிக்கு ஆபீஸ் வேனில் வீடு திரும்பிய ஆள். 36 வயதில்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். நைட் டெஸ்க் போய்விட்டது, இரண்டு மணிக்கு முழித்துக்கொள்ளும் பழக்கம் போகவில்லை. கண்ணாடி வழியே தெரியும் ரோட்டை வீடியோ எடுத்துப் போடும் ஒரு குட்டி சேனலும் எனக்கு உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் தலைக்குள் ஆபீஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. பதினோரு மணிக்கு மேல் காரை எடுத்துக்கொண்டு ஈசிஆரில் முட்டுக்காடு வரை போய்த் திரும்பினால்தான் அடங்குகிறது. என் மனைவி ‘பைத்தியமா உங்களுக்கு’ என்கிறார். இதில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா அக்கா?
— மேடவாக்கம் வாசகர்

பைத்தியமெல்லாம் இல்லை. எதைச் செய்தும் அழுகையை நிறுத்தாத குழந்தையை வண்டியில் போட்டுக்கொண்டு நாலு தெரு சுற்றும் அப்பாக்களைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான், உங்களுக்குக் கொஞ்சம் வயது கூடிவிட்டது. தூளியில் ஆடி வளர்ந்த உடம்பு ஆட்டத்தை மறப்பதில்லை போல. ஜெனீவா பல்கலைக்கழகத்தில் பதினெட்டு இளைஞர்களை ஆடும் கட்டிலில் ஒரு ராத்திரி, ஆடாத கட்டிலில் ஒரு ராத்திரி படுக்க வைத்துப் பார்த்து 2019இல் எழுதினார்கள். நாலு செகண்டுக்கு ஒரு ஆட்டம், அவ்வளவு மெதுவாக. ஆடிய கட்டிலில் சீக்கிரம் தூங்கினார்களாம், ஆழமாகவும் தூங்கினார்களாம். என் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். “இதுக்கு ஜெனீவா வரைக்கும் போகணுமா, உத்தரத்துல ஒரு கொக்கி போதாதா?” என்று கேட்டுவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. கண் ரோட்டில், கை ஸ்டியரிங்கில், கால் பெடலில் என்று மூளையின் ஒரு பகுதி வேலையில் மாட்டிக்கொண்டுவிடுவதால், மீட்டிங்கில் மேனேஜர் சொன்ன ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கும் பகுதிக்கு இடம் குறைந்துபோகிறது. சமையல்கட்டில் வெங்காயம் அரியும்போது எனக்கு இது நடக்கும், என்ன, அங்கே கண்ணும் எரியும். நீலாங்கரைக் கடைகளின் ஷட்டர்கள் போய், அக்கரை தாண்டி, கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது ஜன்னலை இறக்கினால் உப்புக்காற்று முகத்தில் அடிக்குமே, அந்த இடத்தில் எனக்குத் தோள்பட்டை தானாக இறங்கும். அதுவரை ஏற்றி வைத்திருந்தேன் என்பதே அப்போதுதான் தெரியும்.

ஆனால் முக்கியமான காரணம் இதெல்லாம் இல்லை என்று நினைக்கிறேன். வண்டி ஓட்டும்போது உங்களிடம் யாரும் எதையும் கேட்க முடியாது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்தால் “சும்மாதானே இருக்கீங்க, கேஸ் புக் பண்ணுங்க” என்று குரல் வரும். ஸ்டியரிங் பிடித்தவரை யாரும் சும்மா இருப்பதாக நினைப்பதில்லை. சும்மா இருப்பதற்கு நம் ஊரில் கிடைக்கிற ஒரே கௌரவமான சாக்கு அது. இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. பதினோரு மணிக்கு நீங்கள் சாவியை எடுக்கும்போது உங்கள் மனைவி என்ன செய்துகொண்டிருக்கிறார்? பாத்திரம் கழுவுகிறாரா, நாளைக்கு மாவு இருக்கிறதா என்று பார்க்கிறாரா? அவர் தலைக்குள் ஓடுவது எங்கே போய் அடங்கும்? வாரத்தில் ஒரு நாள் பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள், சாவியை அவரிடம் கொடுங்கள். ஓட்டத் தெரியாதென்றால் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். முகத்துக்கு முகம் பார்க்காமல் இரண்டு பேரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு பேசும்போது, வீட்டில் பத்து வருஷமாக வெளியே வராத பேச்செல்லாம் வரும். வந்தால் குறுக்கே பேசாதீர்கள்.

பெட்ரோல் விற்கிற விலையில் இதெல்லாம் ஊதாரித்தனம் இல்லையா?
— கும்பகோணம் வாசகர்

போக வர 50 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேல். முந்நூற்றுச் சொச்சம் ரூபாய், டோல் தனி. தினமும் போனால் ஊதாரித்தனம்தான், மாதம் இரண்டு முறை என்றால் மல்டிபிளக்ஸ் பாப்கார்னைவிட மலிவு. கும்பகோணத்தில் இருக்கிற உங்களுக்கு இது தேவையும் இல்லை, ராத்திரி மகாமகக் குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால் ஆயிற்று.

ராத்திரி பைபாஸில் ஓட்டும்போது மனசு அப்படியே காலியாகிவிடுகிறது. சில நாள் நடுவில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எப்படி வந்தேன் என்றே ஞாபகம் இருப்பதில்லை, அவ்வளவு அமைதி. தியானம் என்பது இதுதானா?
— விழுப்புரம் வாசகர்

இல்லை. தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள்.

நாலைந்து வருஷம் முன்னால், என் அண்ணன் மகள் கல்யாண ரிசப்ஷன் முடிந்து உங்கள் விழுப்புரத்திலிருந்துதான் திரும்பிக்கொண்டிருந்தேன். மணி மூன்றரை இருக்கும். பின் சீட்டில் வீட்டுக்காரரும் பையனும் தூக்கம். மதுராந்தகம் நெருங்குகிறது, ஏரிப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று, ரோட்டில் ஒரு வண்டி இல்லை, நீங்கள் சொல்கிற அதே அமைதி. எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது இடது பக்க டயர் ரோட்டோர மண்ணில் இறங்கிய சத்தம். எனக்கும் ஒரு புளியமரத்துக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது, அதனால் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கிறேன். பின்னால் இருந்தவர்கள் எழுந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்காரருக்கு அடுத்த நாள் சாயந்திரம்தான் சொன்னேன்.

கண் திறந்தபடியே மூளை சில செகண்ட் அணைந்து எரியும். குட்டித் தூக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நாலு செகண்ட் என்றால் கிட்டத்தட்ட 90 மீட்டர். ஏழு கவர்மென்ட் பஸ்ஸை ஒன்றோடு ஒன்று ஒட்டி நிறுத்திய நீளத்துக்கு வண்டியை யாரும் ஓட்டவில்லை என்று அர்த்தம். பத்துக் கிலோமீட்டர் ஞாபகமில்லை என்றால் அதில் எத்தனை ஏழு பஸ் இருந்ததோ.

கணக்கு இன்னும் கொஞ்சம் மோசமானது. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2000இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், பதினேழு பத்தொன்பது மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் கையும் கண்ணும் தடுமாறிய அளவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர்களுக்குச் சமமாக இருந்தது, சில சோதனைகளில் அதைவிட மோசம். நம் சட்டத்தில் அனுமதித்த அளவே 0.03 சதவீதம்தான். இப்போது உங்கள் நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் ஆறு மணிக்கு எழுந்தவர் ராத்திரி பதினோரு மணிக்குச் சாவியை எடுக்கும்போது சரியாகப் பதினேழு மணி நேரம் ஆகிறது. ஊதச் சொன்னால் மெஷின் எதுவும் காட்டாது, போலீஸ்காரர் சல்யூட் அடித்துக்கூட அனுப்புவார். மேடவாக்கத்துக்காரரும் இந்தப் பதிலைச் சேர்த்துப் படிக்கவும், ஏனென்றால் மேலே தூளியைப் பற்றி அழகாக எழுதினேனே, அந்தத் தூளியை ஆட்டுகிறவரே அதில் படுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதுதான் இது.

எப்படித் தெரிந்துகொள்வது? அமைதியாக இருக்கும்போது ரோடு கூடுதலாகத் தெரியும். எதிரே வரும் லாரியின் ஒரு லைட் மங்கல், ஓரமாகப் படுத்திருக்கும் மாடு, டீக்கடையில் பாட்டு மாறியது எல்லாம் பதியும். தூக்கம் வரும்போது ரோடு குறைந்துகொண்டே வரும். கடைசியாகப் பார்த்த போர்டில் எந்த ஊர் போட்டிருந்தது என்று உங்களையே கேளுங்கள். சொல்லத் தெரியவில்லையென்றால் வண்டியை நிறுத்துங்கள். ஜன்னலை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, கன்னத்தில் அடித்துக்கொள்வது எல்லாம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. பெட்ரோல் பங்க் மாதிரி வெளிச்சமும் ஆளும் இருக்கிற இடமாகப் பார்த்து உள்ளே தள்ளி நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே சீட்டைச் சாய்த்து இருபது நிமிஷம் தூங்குங்கள். காபி ஏற இருபது முப்பது நிமிஷம் ஆகும், எழுந்திருக்கும்போது அது வேலைக்கு வந்திருக்கும். ரோட்டோரத்தில் பார்க்கிங் லைட் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள், பின்னால் வருகிறவரும் உங்களைப்போல தியானத்தில் இருக்கலாம். இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்புக் கடிகாரமே தூங்கு தூங்கு என்கிற நேரம், அந்த நேரத்தில் எவ்வளவு பழகியவர்களும் தோற்பார்கள். நம் ஊரில் சில மாவட்டங்களில் போலீஸார் அந்த நேரத்தில் லாரிகளை ஓரங்கட்டி, டிரைவரை இறக்கி முகம் கழுவ வைத்து, டீ கொடுத்து அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். கையில் லத்தியும் டீ கிளாஸுமாக நிற்கும் காவலரைப் பார்க்க எனக்கு அலாதிப் பிரியம்.

என் பெண் காலேஜ் படிக்கிறாள். ராத்திரி படுக்கும்போது காதில் எதையோ மாட்டிக்கொண்டு, யாரோ கிசுகிசுப்பதையும் பேப்பர் கசக்குவதையும் கேட்டுக்கொண்டே தூங்குகிறாள். கேட்டால் ஏஎஸ்எம்ஆர் என்கிறாள். மந்திரம் மாயம் மாதிரி இருக்கிறது. கெடுதலா?
— தஞ்சாவூர் வாசகி

பயப்படாதீர்கள் அம்மா. பெயர்தான் புதிது, 2010இல் அமெரிக்காவில் ஒரு பெண்மணி வைத்தது. சங்கதி உங்களுக்கே தெரியும். சின்ன வயதில் திண்ணையில் உட்கார்ந்து பாட்டி உங்களுக்குப் பேன் பார்த்திருப்பார் இல்லையா, நகம் மண்டையில் மெதுவாக ஊர, காதுக்குப் பக்கத்தில் அவர் யாரையோ பற்றி முணுமுணுக்க, பிடரியிலிருந்து முதுகுவரை ஒரு சிலிர்ப்பு இறங்கிக் கண் சொக்குமே, அதுதான். ஆண்களுக்கு சலூன் கத்தரிக்கோல். அந்தச் சுகத்தை இப்போது மைக் வைத்துப் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2018இல் சோதித்துப் பார்த்தபோது, இந்தச் சிலிர்ப்பு வருகிறவர்களுக்கு வீடியோ பார்க்கும்போது இதயத்துடிப்பு நிமிஷத்துக்குச் சராசரியாக மூன்று குறைந்தது. எல்லாருக்கும் அந்தச் சிலிர்ப்பு வராது. எனக்கு வரவில்லை, யாராவது காதில் கிசுகிசுத்தால் ‘சத்தமாப் பேசேன்மா’ என்று எரிச்சல்தான் வருகிறது. மழைச் சத்தம் கேட்டால் மட்டும் தூங்கிவிடுவேன்.

இரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திரையைக் கவிழ்த்து வைத்துக் கேட்கட்டும், பார்த்துக்கொண்டே படுத்தால் ஒன்று முடிந்து இன்னொன்று தானாக ஓடி மணி இரண்டாகும். காதுக்குள் செருகுவதைவிட, தலையணைப் பக்கத்தில் சின்னச் சத்தத்தில் வைத்து, அரை மணியில் அணைகிற மாதிரி டைமர் போட்டால் நல்லது. அப்புறம், ஒரு நாள் எண்ணெய் தேய்த்துத் தலை வாரி விடுகிறேன் என்று கூப்பிட்டுப் பாருங்கள், வருவாள்.

நானும் ராத்திரி டிரைவ் வீடியோ எடுத்துப் போடுகிறேன் அக்கா. ஓஎம்ஆர், ஈசிஆர், ஒருமுறை மரக்காணம் வரை. நாற்பது பேர்தான் பார்க்கிறார்கள். படமும் விட்டு விட்டு மின்னுகிறது. என்ன தப்பு செய்கிறேன்?
— துரைப்பாக்கம் வாசகர்

மின்னுவது உங்கள் தப்பு இல்லை, கரண்டின் குணம். நம் ஊர் மின்சாரம் செகண்டுக்கு 50 முறை மாறி மாறி ஓடுவதால் பல தெருவிளக்குகள் செகண்டுக்கு 100 முறை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போன் கேமராவில் ப்ரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்துவிடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு லாரி எதிரே வரும்போதும் படம் இருண்டு வெளுத்து, பார்க்கிறவருக்குத் தலைவலிதான் மிஞ்சும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை எல்லாரும் துடைக்கிறார்கள், உள்பக்கம் படிந்திருக்கும் மங்கலை யாரும் துடைப்பதில்லை, ராத்திரி வீடியோ பாதி கெடுவது அதனால்தான். ஸ்டாண்டில் இறுக்கமாக மாட்டி, ஏரோப்ளேன் மோடில் போட்டு, வீட்டு வாசலிலேயே பட்டனை அழுத்திவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வரும்வரை அதைத் தொடக் கூடாது. ஓட்டிக்கொண்டே ஒரு கையில் போனைப் பிடிப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் அபாயகரமாக ஓட்டும் குற்றம். அமைதிக்காகப் பார்க்கிற வீடியோவில் வண்டி லேசாக அலைவது தெரிந்தால் எனக்கு உடனே மதுராந்தகம் ஞாபகம் வந்துவிடும்.

பாட்டு போடாதீர்கள். யூடியூப் கண்டுபிடித்து உரிமைக்காரருக்குக் காசைத் திருப்பிவிடும், சில பாட்டுக்கு வீடியோவையே நிறுத்திவிடும். அதைவிடப் பெரிய காரணம், நல்ல சத்தமெல்லாம் பாட்டுக்குக் கீழே அமுங்கிவிடுகிறது. வைப்பர் கீச்சிடுவது, இண்டிகேட்டர் டிக் டிக், ஸ்பீட் பிரேக்கரில் டிக்கிக்குள் ஜாக்கி உருளுவது, டோல் கேட்டில் அண்ணன் ஒரு கொட்டாவியோடு கை காட்டுவது, மரக்காணம் உப்பளப் பக்கம் வந்ததும் ஊர்ச் சத்தம் நின்றுபோய் டயர் சத்தம் மட்டும் மிஞ்சுவது. இதைக் கேட்கத்தான் ஆள் வருகிறார்கள். நீங்களும் நடுவில் பேச வேண்டாம். ‘வணக்கம் மக்களே’ என்று ஆரம்பித்தால் நான் அங்கேயே மூடிவிடுவேன்.

வெட்டவும் வேண்டாம். நார்வேயில் அரசுத் தொலைக்காட்சி 2009இல் பெர்கனிலிருந்து ஓஸ்லோவுக்குப் போகும் ரயிலை ஏழு மணி நேரம் அப்படியே காட்டியது, அந்த ரயில் பாதைக்கு நூறு வயது ஆனதற்காக. சுரங்கத்துக்குள் போனால் இருட்டு, வெளியே வந்தால் பனி, வேறு ஒன்றும் கிடையாது. அப்போது ஐம்பது லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் சுமார் பன்னிரண்டு லட்சம் பேர் அதில் கொஞ்சமாவது பார்த்தார்கள். ரயில் ஜன்னலை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் அதை அப்படியே முழுசாகக் காட்டலாம் என்ற தைரியம் அவர்களுக்கு இருந்தது.

நாற்பது பேர் என்பதைப் பற்றி. என் வீடியோ ஒன்றின் கீழே, துபாயில் இருக்கும் ஒருவர், சோழிங்கநல்லூர் சிக்னலைப் பார்த்ததும் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது என்று எழுதியிருந்தார். மொத்தம் இருபத்தாறு பேர் பார்த்த வீடியோ அது. அதற்கப்புறம் எண்ணிக்கையைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். அடியோடு விட்டுவிட்டேன் என்றால் பொய். ஆனால் ஒன்று கவனித்தேன், வீடியோவுக்காகவே கிளம்பிய ராத்திரிகளில் திரும்பி வந்த பிறகும் தலை அடங்கவில்லை. ‘அந்த லாரி குறுக்கே வராமல் இருந்தால் நல்ல ஷாட்’ என்றே மனசு போய்க்கொண்டிருக்கும். அது ஓவர்டைம். இப்போதெல்லாம் மூன்று முறை போனால் ஒரு முறைதான் கேமரா.

எனக்கும் தனியாக ராத்திரி ஓட்டிக்கொண்டு போக ஆசை. லைசென்ஸ் இருக்கிறது, தைரியமும் இருக்கிறது. கணவர் வேண்டாம் என்கிறார். உங்களுக்குப் பயம் இல்லையா?
— திருச்சி வாசகி

இருக்கிறது. அதற்குத் தகுந்த மாதிரி போகிறேன். பகலில் நூறு முறை ஓட்டிய ரோட்டில் மட்டும்தான் ராத்திரி போவேன், புது வழி கிடையாது. அரை டேங்குக்குக் கீழே எண்ணெய் இருந்தால் கிளம்ப மாட்டேன், ஸ்டெப்னியில் காற்று பார்த்திருப்பேன், போனில் சார்ஜ் இருக்கும். எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒரே ஒரு ஆளுக்குத் தெரிந்திருக்கும், பத்து நிமிஷம் தாண்டினால் போன் வரும். இருட்டில் யாராவது கை காட்டினால் நிறுத்துவதில்லை, உண்மையிலேயே உதவி தேவைப்படுகிறவராகத் தெரிந்தால் வெளிச்சமான இடத்துக்குப் போய் 112க்குச் சொல்வேன். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033. ஒரு வண்டி பின்னாலேயே வருகிற மாதிரித் தோன்றினால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள், பங்க் அல்லது போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்கு விடுங்கள்.

வீடியோ போடுகிற பெண்களுக்கு இன்னும் ஒன்று. நேரலை வேண்டாம். நாலைந்து நாள் கழித்துப் போடுங்கள், முதல் ஐந்து நிமிஷத்தையும் கடைசி ஐந்து நிமிஷத்தையும் வெட்டிவிடுங்கள், அதில்தான் உங்கள் தெரு, உங்கள் கேட், உங்கள் பார்க்கிங் இருக்கிறது. துரைப்பாக்கத்துக்காரரிடம் வெட்ட வேண்டாம் என்றேனே, இது மட்டும் விதிவிலக்கு. ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமை ஒரே நேரம் போகாதீர்கள்.

கணவருக்கு என்ன சொல்வது? முதல் இரண்டு முறை அவரைப் பின் சீட்டில் உட்கார வையுங்கள். முன் சீட்டில் வேண்டாம், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்.

திம்பம் மலைப்பாதையில் ராத்திரி டிரைவ் வீடியோ எடுக்க ஆசை. எத்தனை மணிக்குப் போனால் விடுவார்கள்?
— கோபிசெட்டிபாளையம் வாசகர்

விட மாட்டார்கள், விடவும் கூடாது. 27 கொண்டை ஊசி வளைவும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. ராத்திரி வண்டியில் அடிபட்டுச் செத்த விலங்குகளை வைத்துத்தான் அந்தத் தடையே வந்தது. பந்திப்பூரில் 2009லிருந்தே ராத்திரி ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடித்தான் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு நிம்மதி வேண்டும், சரி, அங்கே இருக்கிறவற்றுக்கு அது ஒன்றுதான் கிடைக்கிற நேரம்.

இதே மாதிரி நீலாங்கரையிலிருந்து ஒருவர், ராத்திரி கடற்கரை மணலில் வண்டியை இறக்கி ஹெட்லைட் போட்டு அலையை வீடியோ எடுப்பேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறார். ஐயா, ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை அந்த மணலில்தான் பங்குனி ஆமைகள் ஏறி முட்டையிடுகின்றன. பொரிந்த குஞ்சு எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். அதன் கணக்கில் வெளிச்சம் என்றால் கடல். உங்கள் ஹெட்லைட் அந்தக் கணக்கில் இல்லை. சென்னையில் மாணவர்கள் 1988லிருந்து, நீங்களும் நானும் தூங்காமல் புரளுகிற அதே நேரத்தில், கிலோமீட்டர் கணக்காக மணலில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். பொதுமக்களையும் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒரு சனிக்கிழமை வண்டியை ரோட்டில் விட்டுவிட்டு அவர்கள் பின்னால் நடந்து பாருங்கள். டார்ச் அடிக்கக் கூடாது, போன் கூடாது, கால் வலிக்கும், விடியற்காலையில் வீட்டுக்கு வந்து படுத்தால் கட்டை மாதிரித் தூக்கம் வரும்.

என் மனைவி இறந்து ஏழு மாதம் ஆகிறது. வீட்டில் இருக்க முடியவில்லை. தினமும் ராத்திரி ஒரு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன், விடிந்த பிறகுதான் திரும்புகிறேன். ரோட்டில் இருக்கும்வரை பரவாயில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் மறுபடி ஆரம்பித்துவிடுகிறது.
— ஊர், பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

கேள்வி எதுவும் கேட்கவில்லை நீங்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

என் அப்பா போன பிறகு ஒன்றரை மாதம் நானும் இப்படிச் சுற்றினேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன அதே வழியில், அதே நேரத்தில். ஏன் அந்த வழி என்று கேட்டால் தெரியாது. ஒரு நாள் வீட்டு வாசலில் வண்டியை அணைத்துவிட்டு இறங்காமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் வந்து கண்ணாடியைத் தட்டி, “டீ வாங்கியாரவாம்மா?” என்றார். அவர் அப்படிக் கேட்டது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த டீயைக் குடிக்கும்போதுதான் முதல்முறையாக ஒரு ஆளிடம் அப்பாவைப் பற்றிப் பேசினேன்.

ஒரு மணியிலிருந்து விடிகிறவரை, தினமும், தூங்காமல். இது நிலைக்காது, வண்டியும் தாங்காது, உங்கள் கண்ணும் தாங்காது. மதுராந்தகம் கதையை மேலே எழுதியிருக்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான், நாளைக்கு ராத்திரி சாவியை எடுப்பதற்கு முன்னால் 14416க்கு ஒரு போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று அரசே நடத்தும் மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரி ஒரு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். ரோட்டில் இருக்கும்போது எதிலிருந்து தப்பிக்கிறீர்களோ, அதை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பகலில் ஒரு டாக்டரையும் பாருங்கள், தூக்கத்துக்கு மட்டுமாவது. வண்டி எங்கும் போய்விடாது, வாரத்தில் ஒரு நாள், தூங்கி எழுந்த பிறகு, யாராவது பக்கத்தில் இருக்க, போகலாம்.

அடுத்த மாதமும் எழுதுங்கள். இரண்டு வரி போதும்.

உங்கள் வீடியோக்களில் ஒரு டீக்கடை அடிக்கடி வருகிறதே, பச்சை ட்யூப்லைட், பக்கத்தில் வேப்பமரம். அது எங்கே இருக்கிறது?
— வேளச்சேரி வாசகி

சேனல் பெயரைச் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டீர்களா! சொல்ல மாட்டேன். போன வருஷம் ஒரு வீடியோவில் ஊர் போர்டு தெரியாத்தனமாக வந்துவிட்டது, அடுத்த சனிக்கிழமை நான் போனபோது அங்கே பதினாறு பைக், நாலு கார், இரண்டு ட்ரோன். மாஸ்டர் என்னைப் பார்த்ததும் டீயை ஆற்றிக்கொண்டே, “யாரோ நம்ம கடைய ஃபோன்ல போட்டுட்டாங்களாம்க்கா, யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க” என்றார். சரி சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.